ஜார்ஜ்டவுன் கல்லு வீடு: மூலப்பத்திரம் யாரு பேர்ல இருக்கு?

பொடிநடை_பாலா
ஊர்ல இருந்து மாமனார் மாமியார் வந்திருக்காங்க, போன சனிக்கிழமை வாஷிங்டன் சுத்திக் காட்டலாம்னு கிளம்புனோம். வெள்ளை மாளிகை, லிங்கன் சிலை எல்லாம் முடிச்சுட்டு ஜார்ஜ்டவுன்ல எம் ஸ்ட்ரீட்டுக்கு காப்பி குடிக்க போனா, துணிக்கடை செருப்புக்கடைக்கு நடுவுல ஒரு கல்லு வீடு. 3051ஆம் நம்பர். மாமனார் அப்படியே நின்னுட்டாரு, "இது என்ன மாப்ள இங்க வந்து உக்காந்திருக்கு"ன்னு. ஓல்ட் ஸ்டோன் ஹவுஸ்னு பேரு, 1765ல கட்டினது, காசு எதுவும் வாங்காம உள்ள விடுறாங்க. கீழ பெரிய அடுப்போட சமையல்கட்டு, மேல போறதுக்கு செங்குத்தா ஒரு படி, மாமியார் பாதியிலயே இறங்கிட்டாங்க.

மாமனார் விடாம கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், இது யார் வீடு? ஜார்ஜ் வாஷிங்டன் வீடுன்னு நான் எங்கயோ கேட்ட ஞாபகத்துல சொல்லிட்டேன். உள்ள இருந்த பார்க் சர்வீஸ் (வீட்டைப் பராமரிக்கிற அரசுத் துறை) ஆளு சிரிச்சுக்கிட்டே இல்லைன்னுட்டாரு. மானம் போச்சு. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்கப்பா.

தூக்குச்சட்டி
மாப்ளைக்கு மரியாதை போச்சு, வீட்டுக்கு வரலாறு வந்துச்சு 😄

மல்லிகா_டிசி
பாலா, நீங்க மட்டும் இல்ல, இந்த ஊரே பல வருஷமா அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. வீட்டு முகப்புலயே "ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையகம்"னு போர்டு தொங்குனுச்சு, அந்த போர்டோட எடுத்த பழைய போஸ்ட்கார்டு படம்கூட இருக்கு. ஆனா கட்டினது ஒரு தச்சர். கிறிஸ்டோஃபர் லேமன், மேஜை அலமாரி எல்லாம் செய்ற ஆளு. பொண்டாட்டி ரேச்சல், ரெண்டு பசங்க, பென்சில்வேனியா பக்கத்துல இருந்து பொழைக்க வந்தவங்க. 1764ல அந்த மனையை வாங்கியிருக்காங்க, 1 பவுண்ட் 10 ஷில்லிங்குக்கு. அப்போ அந்த தெருவுக்கு பேரு பிரிட்ஜ் ஸ்ட்ரீட்.

ரிஜிஸ்டர்_மாமா
நான் கும்பகோணத்துல 34 வருஷம் பத்திரம் எழுதினவன், வீடுன்னு யாராவது சொன்னா எனக்கு முதல்ல கை போறது வில்லங்கத்துக்குதான். லேமன் வாங்கினாரு சரி. வித்தவன் யாரு? அவனுக்கு எப்படி வந்துச்சு? தாய்ப்பத்திரம் இல்லாம மேல பேசக்கூடாது.

மல்லிகா_டிசி
மாமா, அதுக்கும் கதை இருக்கு. 1751ல அது மேரிலாண்ட், இங்கிலாந்து ராஜாவோட காலனி. பொட்டோமாக் ஆத்தங்கரையில புகையிலை ஏத்துற துறைமுகத்துக்கு பக்கத்துல ஒரு டவுன் போடணும்னு மேரிலாண்ட் சட்டசபை முடிவு பண்ணி, ஜார்ஜ் கார்டன், ஜார்ஜ் பீல்னு ரெண்டு பேர்கிட்ட இருந்து 60 ஏக்கர் எடுத்தாங்க, 280 பவுண்ட் விலை போட்டு. பீல் குடுக்க மாட்டேன்னு நின்னு பார்த்தாரு, நடக்கல, என் எதிர்ப்பை எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டு வாங்கிக்கிட்டாரு. அந்த 60 ஏக்கரை 80 மனையா பிரிச்சு வித்தாங்க, லேமன் வாங்கினது அதுல ஒண்ணு.

ரிஜிஸ்டர்_மாமா
அப்படி சொல்லும்மா! நில எடுப்பு, அப்புறம் லேஅவுட், அப்புறம் மனை விற்பனை. பீல் மாதிரி ஆளுங்களை நான் நூறு பேர் பார்த்திருக்கேன், எல்லாரும் "ஆட்சேபணையோட பெற்றுக்கொண்டேன்"னு கையெழுத்து போட்டுட்டு வெளிய வந்து வெத்தலை போடுவாங்க.

சந்தேகப்பிராணி
//1765ல கட்டினது//
வாஷிங்டன்லயே பழைய வீடு இதுதான்னு சொல்றாங்களே, அது தப்புன்னு படிச்சேன். கலோரமா ஏரியாவுல லிண்டன்ஸ்னு ஒரு வீடு இருக்கு, அது 1754. பதினொரு வருஷம் மூத்தது. கணக்கு இடிக்குதே.

மல்லிகா_டிசி
லிண்டன்ஸ் 1754ல கட்டினது வாஷிங்டன்ல இல்லைங்க, மாசசூசெட்ஸ்ல டான்வர்ஸ்னு ஒரு ஊர்ல. 1930கள்ல மொத்தமா பிரிச்சு இங்க கொண்டாந்து திரும்ப மாட்டினாங்க. மரவீடுங்கிறதால அது முடிஞ்சுது. கல்லு வீடு இருந்த இடத்துலயே இருக்கு, அதான் அந்த பேரு இதுக்கு.

தூக்குச்சட்டி
அப்ப லிண்டன்ஸ் வெளியூர் மாப்ள, இவர் உள்ளூர் பெரியவர்

ரிஜிஸ்டர்_மாமா
அசையாச் சொத்துன்னு எழுதி எழுதி கை தேஞ்சவன் நான், வீட்டை தூக்கிட்டு போறான்னா அதுக்கு என்ன பத்திரம் எழுதுறது 🤦 சரி லேமனுக்கு வாங்க. 1764 கிரயம். அப்புறம்?

மல்லிகா_டிசி
அப்புறம்தான் சங்கடம் மாமா. ஒத்தை ரூம், தரைத்தளம் மட்டும், அதுதான் அவர் கட்டினது. 1765லயே திடீர்னு இறந்துட்டாரு. ரேச்சல் கொஞ்ச நாள் வெச்சிருந்து, 1767ல வேற கல்யாணம் பண்ணிக்கிட்டு வீட்டை வித்துட்டாங்க. வாங்கினதும் ஒரு பொண்ணுதான், கஸாண்ட்ரா ச்யூ.

பொடிநடை_பாலா
ஐயோ பாவம். அந்த ஆளு ஒரு வருஷம்கூட ஒழுங்கா இருக்கலையா அந்த வீட்டுல? மாமனார்கிட்ட இப்பதான் படிச்சு காட்டினேன், "கட்டினவனுக்கு ஒரு ரூம், பார்க்க வர்றவனுக்கு மூணு மாடியா"ன்னு கேட்டாரு. அந்த மாடியெல்லாம் யாரு கட்டினது?

மல்லிகா_டிசி
எல்லாமே கஸாண்ட்ராதான். வாங்கின 1767லயே பின்னாடி சமையல்கட்டை இழுத்தாங்க. அப்புறம் மேல ஒரு மாடி எடுத்தாங்க, பல வருஷம் கழிச்சு அதுக்கும் மேல இன்னொண்ணு. நீங்க பார்த்த வீட்டுல பெரும்பகுதி அந்த அம்மாவோட கைக்காசு. இது ஒண்ணு மட்டும் இல்ல, ஜார்ஜ்டவுன்ல அவங்களுக்கு வேற சொத்தும் இருந்துச்சு. அந்த காலத்துல ஒரு பொம்பளை பேர்ல இவ்வளவு இருந்தது அபூர்வம்.

கொத்தனார்_மகன்
நான் பாலா போட்ட போட்டோவை பெருசாக்கி பார்த்துக்கிட்டே இருந்தேன், எங்கப்பா தேனி பக்கம் கல்லுக்கட்டு வேலைதான் பார்த்தாரு. சுவரு ரெண்டுல இருந்து மூணு அடி கனம்னு போட்டிருக்காங்க, நீலச்சாயல் அடிக்கிற உள்ளூர் கல்லு. இந்த மாதிரி தடி சுவரு வந்து ஒரே கல்லு கிடையாது, வெளிமுகம் ஒண்ணு உள்முகம் ஒண்ணுன்னு ரெண்டு வரிசையா ஏத்திக்கிட்டே வந்து நடுவுல சில்லுக்கல்லும் சாந்தும் போட்டு நிரப்புவாங்க, அங்கங்க ஒரு நீளக் கல்லை குறுக்க வெச்சு ரெண்டு முகத்தையும் சேத்து பிடிச்சு கட்டுவாங்க, அது இல்லாம விட்டா கொஞ்ச வருஷத்துல வயிறு தள்ளிரும். மூலைக்கு மட்டும் நல்லா செதுக்கின பெரிய கல்லா பொறுக்கி வெப்பாங்க, அதை எங்கப்பா யாரையும் தொட விடமாட்டாரு.

இன்னொண்ணு, பழைய கல்லு வீட்டுக்கு சிமெண்ட் பூசுனா செத்துச்சு. சுண்ணாம்பு சாந்து ஈரத்தை வாங்கி வெளிய விட்டுரும், சிமெண்ட் உள்ளயே பூட்டி வெச்சிரும், பனி பெய்ற ஊருன்னா உள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு கல்லோட முகமே உரிஞ்சு விழும். இது இத்தனை வருஷம் நிக்குதுன்னா அடியில நல்லா கட்டியிருக்கான். ஒத்தை ரூம்னு ஏதோ பரிதாபமா சொல்றீங்க, அந்த ஒத்தை ரூம் சுவத்து மேலதான ரெண்டு மாடி உக்காந்திருக்கு?

சந்தேகப்பிராணி
இதுக்கு எதிர்வாதம் இல்ல. கொத்தனார் மகனுக்கு ஒரு லைக்.

ரிஜிஸ்டர்_மாமா
மல்லிகாம்மா, ஒரு சந்தேகம். கஸாண்ட்ராவோட வீட்டுக்காரர் பேரே வரலையே? அந்த காலத்து இங்கிலீஷ் சட்டப்படி கல்யாணம் ஆன பொண்ணோட சொத்து புருஷன் கைக்கு போயிடும், அவ தனியா கிரயம் பண்ண முடியாது. இந்த அம்மா எப்படி தன் பேர்லயே வாங்கி, தன் பேர்லயே கட்டினாங்க?

மல்லிகா_டிசி
கல்யாணமே ஆகல மாமா. ராபர்ட் பீட்டர்னு ஸ்காட்லாந்துல இருந்து வந்த பெரிய புகையிலை வியாபாரி, பின்னாடி 1790ல ஜார்ஜ்டவுனோட முதல் மேயர் ஆனவரு. அவரோட தொடர்புல ரெண்டு பொண்ணுங்க, மேரி, ஹாரியட். அவருக்கு தனியா குடும்பம் இருந்துச்சு.

ரிஜிஸ்டர்_மாமா
பாரு, அதான் விஷயம். ஊரு அவங்களை என்ன பேசியிருக்குமோ பேசட்டும், ஆனா பத்திரத்துல அவங்க பேரு நின்னதுக்கு காரணமே அவங்க யாருக்கும் மனைவி ஆகாததுதான். தாலி கட்டியிருந்தா சொத்தை எழுதுறதுக்கு புருஷன் கையெழுத்துல்ல போட்டிருக்கணும். ரேச்சல் கதையும் எனக்கு இப்ப வேற மாதிரி தெரியுது. மறுகல்யாணம் நடந்த அதே வருஷம் கிரயம். அது அவ வித்ததா, புது புருஷன் வித்ததா?

தூக்குச்சட்டி
மாமா நீங்க ரிட்டயர் ஆனது தப்பு

மதுரைக்காரி
எல்லாரும் கஸாண்ட்ராவுக்கு கைதட்டுறீங்க, ஒண்ணை விட்டுட்டீங்க. அந்த அம்மாவோட சொத்துல மனுசங்களும் இருந்தாங்க. அடிமைங்க. வீடு, மனை கணக்கு மாதிரியே அவங்களும் கணக்குல. நானும் அந்த வீட்டுக்கு போயிருக்கேன், கீழ அந்த பெரிய அடுப்பை பார்த்து எல்லாரும் ஆஹா எவ்வளவு அழகுன்னு போட்டோ எடுத்தாங்க, எனக்கு மனசுல ஓடினது அதுல யாரு கை வெந்துச்சுன்னுதான். பொம்பளை பேர்ல பத்திரம்னு பெருமைப்படுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா அந்த பத்திரத்துக்கு கீழ பேர் இல்லாம நின்னவங்களும் பொம்பளைங்கதான்.

ரிஜிஸ்டர்_மாமா
ஒத்துக்கிறேன்மா. எங்கப்பா காலத்து பாகப்பிரிவினை பத்திரத்துல ஆடு மாடு பாத்திரம்னு வரிசையா பார்த்திருக்கேன், அந்த வரிசையில மனுசன் பேரு வந்தா எப்படி இருக்கும்னு நினைச்சா எழுதுற கை நடுங்குது.

பொடிநடை_பாலா
இதை நான் மாமனார்கிட்ட சொன்னதுக்கு அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. சரி, கஸாண்ட்ராவுக்கு அப்புறம்?

மல்லிகா_டிசி
மூத்த பொண்ணு மேரிக்கு வந்துச்சு, கல்யாணத்துக்கு அப்புறம் மேரி ஸ்மித் பிரம்லி. அதுக்கு அப்புறம் 1800கள் முழுக்க கீழ கடை மேல குடியிருப்பு. தொப்பி விக்கிறவர், தையல்காரர், பூட்டு ரிப்பேர், பெயிண்டர், கடிகாரக்காரர்னு மாறி மாறி வாடகைக்கு இருந்திருக்காங்க. இந்த கடிகாரக்காரரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

சந்தேகப்பிராணி
ஏன், அவருக்கு என்ன?

மல்லிகா_டிசி
அவர் பேரு ஜான் சூட்டர். ஜூனியர். அவங்கப்பா பேரும் ஜான் சூட்டர், ஜார்ஜ்டவுன்ல தங்கும் விடுதி நடத்தினவரு. சூட்டர்ஸ் டாவர்ன். 1791 மார்ச் கடைசில ஜார்ஜ் வாஷிங்டன் நேர்ல வந்து, இங்க தலைநகர் வரப்போகுது நிலத்தை குடுங்கன்னு சுத்துப்பட்டு நிலக்காரங்ககிட்ட பேசி முடிச்சது அந்த விடுதியிலதான். அது நிஜம். பின்னாடி அந்த விடுதியே இல்லாம போச்சு, எங்க இருந்துச்சுன்னே ஊர் மறந்துச்சு. கல்லு வீடு மட்டும் நிக்குது, அதுல சூட்டர்னு ஒருத்தர் கடை வெச்சிருந்தாருன்னு ஞாபகம் இருக்கு. ரெண்டையும் போட்டு ஒண்ணாக்கிட்டாங்க. அப்பன் விடுதி மகன் கடைக்குள்ள வந்துருச்சு, கூடவே வாஷிங்டனும் வந்துட்டாரு. நகரத்துக்கு பிளான் போட்ட லாஃபான் இங்க உக்காந்துதான் வரைஞ்சாருன்னு வேற ஒட்டு.

தூக்குச்சட்டி
அதாவது ஒரு இனிஷியல் குழப்பம், அமெரிக்க வரலாறு மாறிப்போச்சு

ரிஜிஸ்டர்_மாமா
சிரிக்காதப்பா, அப்பன் பேரும் மகன் பேரும் ஒண்ணா இருந்து கோர்ட்டுல இருபது வருஷம் இழுத்த கேஸு எனக்கு தெரியும்.

சந்தேகப்பிராணி
அப்ப அந்த போர்டு மொத்தமும் பொய். பொய்யை தொங்கவிட்டு டூரிஸ்ட்டை ஏமாத்தியிருக்காங்க. இதைப் போய் கதை மாதிரி ரசிக்கிறீங்க.

மல்லிகா_டிசி
பொய்தான், ஆனா மேல கேளுங்க. 1900கள்ல ரெண்டு பக்கமும் கடை வந்து, வீட்டுல கடைசியா இருந்தது பழைய கார் விக்கிற கம்பெனி. பின்னாடி இப்ப பூத்துக் குலுங்குற தோட்டம் இருக்குல்ல பாலா, அது பூரா தளம் போட்டு கார் நிறுத்தின இடம். சும்மா ஒரு தச்சர் வீடு, மேயரோட சிநேகிதி வீடுன்னு சொன்னா 1950ல யாரு காப்பாத்த வந்திருப்பா? வாஷிங்டன் தங்கினாருன்னு நம்புனதாலதான் ஊர்க்காரங்க இடிக்கக் கூடாதுன்னு நின்னாங்க, அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டுச்சு, 1950ல ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்து போட்டாரு, 1953ல மத்திய அரசு 90,000 டாலர் குடுத்து அந்த கார் கம்பெனிகிட்ட இருந்து வாங்குச்சு. வாங்கின பிறகு உக்காந்து ஆராய்ச்சி பண்ணி பார்த்தா வாஷிங்டனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல! போர்டை கழட்டிட்டு, சாதாரண ஜனங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு காட்டுற வீடா மாத்தி 1960ல திறந்தாங்க.

பொடிநடை_பாலா
அப்ப நான் மாமனார்கிட்ட சொன்ன பொய்யும் அந்த வீட்டைக் காப்பாத்தின பொய்யும் ஒண்ணுதான் 😎 மானம் திரும்பி வந்துச்சு

சந்தேகப்பிராணி
எனக்கு இன்னும் உறுத்துது. இந்த பொய்யால ஒரு வீடு தப்பிச்சுச்சு சரி. பொய்க்கதை கிடைக்காத எத்தனை வீடு இடிஞ்சுச்சு? உண்மையான சூட்டர்ஸ் டாவர்ன் இடிஞ்சதுக்கு யாரும் அழல, அதுலதான் நிஜமாவே பேச்சு நடந்துச்சு.

கொத்தனார்_மகன்
இது நியாயமான பேச்சு. நானா இருந்தா கல்லுக்கட்டுக்காகவே காப்பாத்தணும்னு சொல்லுவேன், ஆனா என் பேச்சை கேட்டு யாரு 90,000 டாலர் குடுப்பா.

மல்லிகா_டிசி
ஒரு கூத்து சொல்லவா. கஸாண்ட்ராவோட பொண்ணுங்களுக்கு அப்பா ராபர்ட் பீட்டர்னு சொன்னேன்ல, அவரோட மகன் தாமஸ் பீட்டர் 1795ல கட்டிக்கிட்டது யாரை தெரியுமா? ஜார்ஜ் வாஷிங்டனோட மனைவி மார்த்தாவோட பேத்தியை. ஜார்ஜ் வாஷிங்டன் அந்த பேத்திக்கு விட்டுட்டு போன பணத்துலதான் அதே ஜார்ஜ்டவுன்ல மேட்டு மேல டியூடர் பிளேஸ்னு மாளிகை எழும்புச்சு. ஒரே அப்பனோட பிள்ளைங்க, மகன் வீடு மேட்டுல, மகள் வீடு கடைத்தெருவுல. வாஷிங்டன் சொந்தம்னு தேடணும்னா இப்படி தேடியிருக்கலாம், போர்டுல இதை எழுத யாருக்கும் தைரியம் இல்ல.

மதுரைக்காரி
எழுதவே மாட்டாங்க அக்கா. "வாஷிங்டன் இங்க தூங்கினார்"னா போஸ்ட்கார்டு விக்கும், "மேயரோட வெளிய சொல்லாத பொண்ணு இங்க இருந்தா"ன்னா விக்குமா?

ரிஜிஸ்டர்_மாமா
என் கணக்குக்கு வர்றேன். 1751ல மேரிலாண்ட் காலனி, ஃபிரெடெரிக் மாவட்டம். 1776ல மாவட்டம் பிரிச்சாங்க, மான்ட்கமரின்னு பேத்தி வீட்டுக்காரன் சொன்னான் (அங்கதான் குடியிருக்கான்). அப்புறம் தலைநகருக்குன்னு இடத்தை தனியா எடுத்தாச்சு. 1871ல ஜார்ஜ்டவுன் தனி நகராட்சியா இருந்ததும் போச்சு. 1895ல தெரு பேரையும் மாத்தி பிரிட்ஜ் ஸ்ட்ரீட் எம் ஸ்ட்ரீட் ஆச்சு. வீடு ஒரு அங்குலம் நகரல, செக்குபந்தி, அதாவது எல்லை விவரம் மட்டும் இத்தனை தடவை மாறியிருக்கு. இதை ஒரே பத்திரத்துல எழுத சொன்னா சொத்து விவரமே மூணு பக்கம் போகும், பக்கத்துக்கு இவ்வளவுன்னு வாங்குற காலத்துல நல்ல வரும்படி.

தூக்குச்சட்டி
மாமா ஃபீஸ் கேக்குறாரு, யாராவது குடுங்கப்பா. எனக்கு ஒரே சந்தேகம், அங்க பேய் இருக்குன்னு சொல்றாங்களே?

மல்லிகா_டிசி
அதையும் விடாம சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க, நான் பல தடவை போயிருக்கேன், படியில தலை இடிச்சதுதான் மிச்சம். தாழ்வான கூரை, உசரமானவங்க குனிஞ்சு போங்க.

சொல்ல மறந்துட்டேன், சூட்டர் ஜூனியர் கையால செஞ்ச நெட்டை கடிகாரம் ஒண்ணு அந்த வீட்டுக்குள்ள வெச்சிருக்காங்க. வீட்டுல இருக்கிற மத்த சாமானெல்லாம் அந்த காலத்து மாதிரி இருக்கட்டும்னு பின்னாடி கொண்டாந்து வெச்சது, இந்த கடிகாரம்தான் நிஜமா அந்த வீட்டோட சம்பந்தப்பட்டது. இத்தனை குழப்பத்துக்கும் காரணமான ஆளோட சாமான்.

பொடிநடை_பாலா
அடடா, நான் பார்க்கவே இல்ல அக்கா! அடுப்பையும் மாமியாரையும் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன். மாமனார் இப்பவே திரும்ப போகணும்ங்கிறாரு. வார நாள்ல போனா கார் நிறுத்த இடம் கிடைக்குமா? போன தடவை நாப்பது நிமிஷம் சுத்தினேன்.

மல்லிகா_டிசி
காரே எடுக்காதீங்க. ஜார்ஜ்டவுனுக்குள்ள மெட்ரோ ஸ்டேஷன் கிடையாது, ஃபாகி பாட்டம்ல இறங்கி நடந்துருங்க, மாமனாருக்கும் அது ஒரு பொடிநடை. திறந்திருக்காங்களான்னு மட்டும் கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க, அப்பப்போ ரிப்பேர்னு சாத்திருவாங்க.

ரிஜிஸ்டர்_மாமா
போனா அந்த கடிகாரத்தை ஒரு போட்டோ எடுத்து போடு தம்பி. முகப்புல பேரு எழுதியிருந்தா கிட்டக்க எடு, ஜூனியர்னு போட்டிருக்கானான்னு பார்க்கணும்.